ராஜாளிக்கு இரண்டு டிக்

"என் வீட்டுக்காரர் தவறி விழுந்தாரா, தானா குதிச்சாரா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் அந்த அம்மாள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

நிதானம் மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு சைக்கிள் விபத்துக்கே மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறாரே என்று சக ஊழியர்கள் கேலியாக வைத்த பெயர்தான் நிதானம். அவருடைய உதவியாளருக்குத் தந்தி என்று பெயர். பாதி தெரிந்த விஷயத்தை முழுசாக ஊருக்குச் சொல்லிவிடும் நல்ல மனசு படைத்தவர்.

"உட்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அம்மாள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் சார். பிள்ளை குட்டி இல்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல பேச்சே நின்னுபோச்சு. சண்டைகூடக் கிடையாது. 'கேஸ் தீர்ந்துபோச்சு', 'கதவைச் சாத்து', அவ்வளவுதான். அவருக்குச் சர்க்கரை இருக்கு, நடங்கன்னு டாக்டர் சொன்னார். பார்க்ல அவர் முன்னாடி நடப்பார், நான் பின்னாடி நடப்பேன். ஒரு நாள் குளத்தங்கரையில ஒரு மீன்கொத்தி சர்ருன்னு தண்ணிக்குள்ள பாஞ்சு மீனோட மேல வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நின்னுட்டோம். அன்னைக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் அதைப் பத்தியே பேசிட்டு வந்தோம்."

அதற்குப் பிறகு ஆளுக்கொரு பைனாகுலர் வந்தது. சனி, ஞாயிறு என்றால் ஒரு பார்க், ஒரு காட்டுப்பாதை, ஒரு மலை. ஒரு நோட்டும் வந்தது. பறவையின் பெயர், நேரம், அவருக்கு ஒரு கட்டம், மனைவிக்கு ஒரு கட்டம். பார்த்தவர் கட்டத்தில் டிக். அதில் அவர் ஒரு சட்டமும் போட்டார்: இருவரும் பார்த்திருந்தால்தான் பறவையின் பெயரே நோட்டில் ஏறும்.

"ஒரு தடவை நான் மட்டும் ஒரு ஆந்தையைப் பார்த்தேன். எழுதுங்கன்னு எவ்வளவோ கெஞ்சினேன். 'பார்க்காததைப் பார்த்தேன்னு என் கை எழுதாது'ன்னுட்டார். மூணு நாள் நான் அவரோட பேசல. பிழை திருத்துற புத்தி சார், ஒரு கமாவைக்கூட விடமாட்டார்."

"அன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் நிதானம்.

மலைப் பூங்காவின் உச்சியில், பாறையில் ராஜாளி கூடு கட்டியிருப்பதாக இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை போவதாக இருந்தது. அம்மாளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது.

"அடுத்த வாரம் போகலாம்னேன். காத்திருக்க முடியாதுன்னார். எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. 'அப்படின்னா அங்கேயே இருந்துடுங்க, திரும்பி வர வேண்டாம்'னு சொன்னேன்." அம்மாள் குரலை அடக்கிக்கொண்டார். "இதை நான் இன்னைய வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. மாடியில இருக்கற கூடப் பிறந்தவகிட்டகூடச் சொல்லல. அவ அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே கோயிலுக்குக் கிளம்பிட்டா."

பதினோரு மணிக்குப் பூங்காக் காவலாளி அவரைப் பாறைக்குக் கீழே கண்டெடுத்தார். கைக்கடிகாரம் உடைந்து எட்டு பத்தில் நின்றிருந்தது. உயிர் போனது பத்து மணிவாக்கில் என்று மருத்துவர் எழுதியிருந்தார். மேலே பெஞ்சில் நோட்டும் பைனாகுலரும் மூக்குக்கண்ணாடியும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கார்னா, குதிச்சதாத்தான் இருக்கும்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். அப்ப நான்தானே சார் கொன்னேன்?"

"நோட்டுல ஏதாவது எழுதியிருந்தாரா?"

அம்மாள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ராஜாளி, ஏழு ஐம்பது. இரண்டு கட்டத்திலும் டிக்.

"நான் அங்க இல்லவே இல்ல. என் பங்குக்கும் அவரே போட்டிருக்கார். எனக்குன்னு விட்டுட்டுப் போன லெட்டர் சார் இது. தினமும் எடுத்துப் பார்க்கறேன்."

தந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிதானம் அந்த இரண்டு டிக்கையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருவரும் அம்மாளின் வீட்டுக்குப் போனார்கள். கூடத்துச் சுவரில் பன்னிரண்டு புகைப்படங்கள் மாட்டியிருந்தன. கல்யாணப் படம், அருவி முன்னால் ஒன்று, அச்சகத்து விழா ஒன்று என்று எல்லாவற்றிலும் அவர் மார்பை நிமிர்த்தி நின்றார். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் மட்டும் தெரிந்தது.

"கண்ணாடி போட ஆரம்பிச்சது எப்பம்மா?" என்று தந்தி கேட்டார்.

"காலேஜ் படிக்கும்போதே. கண்ணாடி இல்லேன்னா எதிர்ல நிக்கிறது நானா கதவான்னு அவருக்குத் தெரியாது."

பைனாகுலர் போலீஸ் முத்திரையிட்ட உறையிலேயே இருந்தது. பெஞ்சில் இருந்தபடியே போலீஸார் எடுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிரிக்க அம்மாளுக்கு மனம் வரவில்லை. நிதானம் உறையைப் பிரித்து வெளியே எடுத்தார். இரண்டு குழல்களையும் இணைக்கும் அச்சின் மேல் வெள்ளையாக இரண்டு பொட்டுகள் இருந்தன.

"ஒயிட்னர்" என்றார் அம்மாள். "அவர் கண்ணுக்கு எவ்வளவு அகலமா விரிக்கணும்னு அடையாளம். ரெண்டு பொட்டும் நேருக்கு நேர் நிக்கணும். யாரும் தொடக்கூடாது, நான்கூட. தொட்டா வீடு ரெண்டாயிடும்."

இப்போது பொட்டுகள் நேராக இல்லை. ஒரு நெல்மணி அளவு விலகி, குழல்கள் நெருங்கியிருந்தன. நிதானம் அச்சை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது, தானாக நகராது. கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையங்கள் இரண்டும் வெளியே இழுக்கப்பட்டிருந்தன.

"இந்த வளையம் எதுக்கு?" என்றார் தந்தி.

"கண்ணாடி போட்டவங்க உள்ளே தள்ளிக்கணும், போடாதவங்க வெளியே இழுத்துக்கணும்."

தந்தி ஆவலோடு வாங்கிக் கண்ணில் வைத்தார். "எனக்கு ரெண்டு கறுப்பு வட்டம்தான் தெரியுது. நடுவுல ஒண்ணையும் காணோம்."

"உன் மூஞ்சி அகலத்துக்கு ரெண்டு பைனாகுலர் வேணும். அச்சைத் தொடாம கொடு" என்று நிதானம் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்போது மாடியிலிருந்து அம்மாளின் தங்கை தேநீரோடு இறங்கி வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். விவாகரத்துக்குப் பிறகு மூன்று வருஷமாக மாடியில்தான் குடியிருக்கிறாள். அக்காவின் அகன்ற முகத்துக்கும் இவளுடைய ஒடுங்கிய சின்ன முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆறு வாரமாக அக்காவுக்குத் தலைவாரி விடுவதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் இவள்தான்.

"உங்களுக்கும் பறவைன்னா இஷ்டமா?" என்று நிதானம் கேட்டார்.

"ஐயோ, எனக்குக் காக்காவும் குருவியும்தான் தெரியும் சார். அந்தக் கருவியை நான் கையால தொட்டதே இல்ல."

வாசல் வரை வழியனுப்ப வந்தவள் தந்தியிடம் மெல்லச் சொன்னாள்: "அக்காவை அதிகம் கிளறாதீங்க. எங்க அத்தான் ரொம்ப மென்மையானவர். கிளம்பும்போது 'திரும்பி வர வேண்டாம்'னு அக்கா சொல்லியிருக்கக் கூடாது. பாவம், அவளுக்கும் அது தெரியும்."

தெருவில் இறங்கியதும் தந்திக்குப் பொறுக்கவில்லை. "சார், கண்டுபிடிச்சுட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்திருக்கார். அதான் வளையம் வெளியே இருக்கு. கடைசியா ஒரு தடவை பறவையைப் பார்த்துட்டுக் குதிச்சுட்டார்."

"சரி. கண்ணாடியைக் கழட்டினா ரெண்டு கண்ணும் பக்கத்துல பக்கத்துல வந்துடுமா?"

தந்தி வாயை மூடிக்கொண்டார். அது அடிக்கடி நடப்பதில்லை.

அன்று மாலை இருவரும் மலைப் பூங்காவுக்கு ஏறினார்கள். உச்சியில் முழங்கால் உயரச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் நாலடி அகலத்தில் ஒரு பாறைத் திட்டு. திட்டில் நின்றால் முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. காவலாளி முன்வாசலில் மட்டும்தான் உட்காருவார். பின்பக்கப் படிக்கட்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்க நாதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாளின் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"ஒரு சின்னச் சோதனை. அஞ்சு நிமிஷம்தான்" என்ற நிதானம் பைனாகுலரை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "அச்சைத் தொடாம, எதிர் வீட்டுத் தண்ணித் தொட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். "ஒரே இருட்டு. ரெண்டு வட்டம் தெரியுது." அம்மாள் வாங்கியதும் அவர் கை பழக்கத்தில் குழல்களை விரிக்கப் போனது; நிதானம் தடுத்தார். விரிக்காமல் பார்த்த அம்மாளுக்கும் அதே இருட்டுதான்.

"நீங்க பாருங்கம்மா" என்று தங்கையிடம் கொடுத்தார்.

அவள் தயங்கினாள். மறுத்தால் நன்றாக இருக்காது என்று வாங்கிக் கண்ணில் வைத்தாள். ஆள்காட்டி விரல் தானாகவே நடுவிலிருந்த சின்னச் சக்கரத்தைத் தேடிப் போய் அரைச் சுற்றுச் சுற்றியது.

"ஆயிரம் லிட்டர். மூடி வைக்கவும்" என்று படித்தாள்.

படித்த பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்தாள்.

"கையால தொட்டதே இல்லைன்னீங்க. முதல் தடவை பிடிக்கிறவங்களுக்கு அந்தச் சக்கரம் எங்க இருக்குன்னே தெரியாது" என்றார் நிதானம். "அன்னைக்குக் கடைசியா இதுல பார்த்தது கண்ணாடி போடாத, ஒடுங்கின முகமுள்ள ஒரு ஆள். இந்த அளவு உங்க கண்ணுக்குத்தான் பொருந்துது. இது மட்டும்னா தற்செயல்னு சொல்லலாம். ஆனா கிளம்பும்போது அக்கா சொன்ன வார்த்தையை வாசல்ல தந்திகிட்ட சொன்னீங்களே, வீட்டுலயே இல்லாத உங்களுக்கு அது எப்படித் தெரியும்? சொன்னவங்க யார்கிட்டயும் சொல்லல. மிச்சமிருந்தது கேட்டவர் ஒருத்தர்தான். அவர் அன்னைக்குக் காலையில யாரைப் பார்த்தாரோ அவங்ககிட்ட சொல்லியிருக்கார்."

"சார், அந்த ரெண்டாவது டிக்..." என்று ஆரம்பித்த அம்மாள் பாதியில் நிறுத்தினார்.

நிதானம் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பார்க்காததைப் பார்த்ததா எழுத அவர் கை வராதும்மா. நீங்களே சொன்னீங்க. ரெண்டு டிக் இருந்தா ரெண்டு பேர் பார்த்திருக்காங்க."

"கண்ணாடி?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் இப்போது வெறுப்பு இல்லை.

"அதோ, சுவரைப் பாருங்க. பன்னிரண்டு படம். ஒண்ணுலயும் கண்ணாடி இல்ல. கதவுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவர் போட்டோன்னா மட்டும் கழட்டி வெச்சுடுவார். பள்ளத்தாக்கு தெரியணும்னு சுவரைத் தாண்டி அந்தத் திட்டுல நின்னிருக்கார். அவர் குதிக்கல. எதிர்ல ஒருத்தர் படம் எடுத்துட்டு இருந்தாங்க."

தங்கை பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அத்தான்தான் வரச் சொன்னார்க்கா. ஒரு வருஷமா... நான் வேண்டாம்னுதான்..." அந்த வாக்கியத்தை அவளாலேயே முடிக்க முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்கன்னு நான்தான் சொன்னேன். கால் தவறிடுச்சு. எட்டிப் பார்த்தேன், அசைவே இல்ல. செத்துட்டார்னு நினைச்சு ஓடி வந்துட்டேன்."

"அவர் விழுந்தது எட்டு பத்துக்கு. உயிர் போனது பத்து மணிக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "பேர்கூடச் சொல்ல வேண்டாம், ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"போட்டோ எங்கே?" என்று அம்மாள் கேட்டார்.

தங்கை போனை நீட்டினாள். அழிக்கவில்லை. அம்மாள் அதைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்தார். படத்தில் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட அவர் பல் தெரியச் சிரித்ததில்லை.

"ஆறு வாரமா என் தலையை வாரிவிட்டியே. 'ஏன்க்கா இப்படி உன்னையே வதைச்சுக்கறே'ன்னு கேட்டியே. ஒரு நாளாவது உனக்கு வாய் வரலையாடி?"

இன்ஸ்பெக்டர் போனை வாங்கிக்கொண்டு அவளை அழைத்துப் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. தந்திக்கு எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பாரம் இறங்கிடுச்சும்மா. நீங்க சொன்ன வார்த்தையால அவர் சாகல."

அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வாரமா என்னாலதான் போனார்னு அழுதேன் தம்பி. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அதுல எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு. என் ஒரு சொல்லுக்காக ஒருத்தர் உயிரையே விட்டுட்டாரேன்னு. நான் சொன்னது அவர் காதுல ஏறவே இல்ல போலிருக்கு. போய் அவகிட்ட கதையா சொல்லியிருக்கார்."

நிதானம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இந்த வழக்கில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. முதல் நாளே அந்த இரண்டு டிக்கைப் பார்த்தபோது, தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"சார்" என்று அம்மாள் கூப்பிட்டார். "அந்தப் பாறைக்குக் கீழ ரெண்டு மணி நேரம் உயிரோட கிடந்திருக்கார். யாரையாவது கூப்பிட்டிருப்பார் இல்லையா? யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்?"

"அது தெரியாதும்மா."

"எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்களே."

நிதானம் வாசலிலேயே நின்றார். அம்மாள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.