கழுத்துக்கோடு

நேற்று ஐந்து பேர்தான் இருந்தார்கள். சௌக்கத் அலி சத்தியம் பண்ணுவான். ஐந்து கழுத்துக்கும் கோடு போட்டவன் அவன்தானே?

ராயபுரத்தில் புத்தகம் பைண்டு பண்ணிப் பிழைக்கிறவன். தையல் பிரிந்த பாரசீகப் படப்புத்தகம் ஒன்றைக் கப்பல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு பக்கத்தில் குளக்கரையில் ஐந்து பேர் விருந்து சாப்பிடும் படம், பொன்பூச்சு, அரிசியளவு முகங்கள். தொழுகிற வீட்டில் உயிருள்ள உருவம் இருக்கலாமா? அதனால் ஒவ்வொரு கழுத்திலும் மெல்லிசாக மைக்கோடு இழுத்துவிட்டான். தலை துண்டானால் அப்புறம் அது வெறும் படம், அவன் வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அடுத்தவன் பொருளில் கை வைத்தது தப்புதான். ஆனால் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி சாபிரா முழுகாமல் இருக்கிறாளே, எப்படிச் சும்மா விடுவான்?

அடைமழையில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கருவாட்டு வாடையும், கூட்ஸ் வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தமும், ஊறிய சுவரின் சுண்ணாம்பு நெடியும் ஜன்னல் வழியே வந்துகொண்டேயிருக்க, பசைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, ரேஷன் மண்ணெண்ணெய் போகிறதே என்றுகூடப் பார்க்காமல் லாந்தரைத் தூண்டினான். படத்தில் ஆறாவதாக ஒரு பெண். தோட்டத்துக் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“சாபிரா!”

“இன்னா மச்சான்? கஞ்சி காச்சிகினு கீறேன்” என்றாள் அடுப்படியிலிருந்து.

அப்பாடா என்றிருந்தது. மறுபடி குனிந்தான். பெண் இப்போது கதவுக்கு உள்ளே, இந்தப் பக்கம் திரும்பி. பச்சை முக்காடு. மேடிட்ட வயிறு. சாபிராவேதான். ஐந்து பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

“இங்க வாம்மே, சீக்கிரம்!”

“காலு நவுர மாட்டேங்குது மச்சான்.” அடுப்படியிலிருந்தே கத்தினாள். “கழுத்துல இன்னாவோ ஜில்லுனு கீது. பயமா கீது.”

ஐவரில் ஒருவன் கையில் நாணல் பேனா. முனை அவள் கழுத்தில். கோடு ஆரம்பித்திருந்தது.

யா அல்லாஹ்! அவளிடம் ஓடுவதா, இதை நிறுத்துவதா? முதலில் இது. கட்டைவிரலை நாக்கில் நனைத்தான். பேனா பிடித்த கையைத் தேய்த்தான். அழுத்தி. இன்னும் அழுத்தி. வண்ணம் கரைந்தது.

விரலை எடுத்தான்.

பேனா அப்படியே இருந்தது. தடித்த விரல். அரிசியளவு முகம். கரைந்தது அவள் முகம்.

“சாபிரா?”

அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

அடுப்படித் திரை விலகியது. பச்சை முக்காடு. ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. இன்னொரு கை காற்றைத் தடவித் தடவி அவனைத் தேடி வந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரே ஈரத் தேய்ப்பு, அவன் கட்டைவிரல் ரேகையோடு.