கூட ஏறியவள்

செங்கம் தாண்டியதுமே ஜீப் கொதிக்கத் தொடங்கிவிட்டது. அண்ணாமலையின் உச்சி கண்ணுக்குத் தெரிந்தும் கிட்டே வராமல் சாலையோடு கூடவே வந்துகொண்டிருந்தது. 1980ஆம் வருடத்து வைகாசி வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். ஓட்டிக்கொண்டிருந்த வேணுவுக்குத் தோள்பட்டை மரத்துப் போயிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி சரோஜா, காற்றில் படபடத்த முந்தானையை இழுத்துவிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

வேணுவுக்கு ஆற்காட்டில் லாரி பட்டறை. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பைத் தானே பிரித்துக் கோர்த்திருந்தான். மூன்றாவது கர்ப்பமும் கலைந்த பிறகு, "இனிமே வேணாம்மா, இந்த உடம்பு தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அதற்குப் பின் அந்த வீட்டில் இருக்க இருவருக்குமே பிடிக்கவில்லை. ஒரு கூடாரம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பாய்கள். இவ்வளவையும் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். தோன்றிய பக்கம் ஓட்டினார்கள், இருட்டுகிற இடத்தில் தங்கினார்கள். தில்லிவரை போய், பம்பாய் வழியாக இறங்கி, கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துவிட்டு இப்போது வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகும்போது வழியெல்லாம் பேசினார்கள். திரும்பும்போது பேச்சு தீர்ந்திருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. களைப்புதான்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் சரோ. ஒரே மூச்சுல வீட்டுக்குப் போயிடலாம்."

"என்னால முடியலைங்க. இங்கயே எங்கனா நிறுத்துங்க."

மலையடிவாரத்து ஆசிரமத்துக்குச் சற்று முன்னால், மலையைச் சுற்றிப் போகிற சாலை இடப்பக்கம் பிரிந்தது. வேணு அதில் திருப்பினான். பௌர்ணமியன்று ஜனங்கள் நடக்கிற சாலை அது. மற்ற நாட்களில் மாட்டு வண்டிகூட அபூர்வம். மலையின் பின்பக்கம், ஓர் ஏரிக்கரையோரம், புளியமரங்களுக்கு அடியில் கூடாரத்தை அடித்தான். ஏரி பெரும்பாலும் வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். ரேடியேட்டருக்கு நிரப்பிக்கொண்டு வருவதற்காக டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அவன் திரும்பி வந்தபோது மலையின் நிழல் ஏரி முழுக்கப் படர்ந்திருந்தது. சரோஜா கூடாரத்துக்கு வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போய் படுத்துக்க வேண்டியதுதானே?"

"உஸ்ஸ்... அவங்க தூங்கறாங்க."

"யாரு?"

"ஒரு அம்மா. மலையைச் சுத்தி நடந்து வந்தாங்க. கால் ரெண்டும் வெடிச்சுப் போயிருக்கு. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா தாயின்னு கேட்டாங்க. பாவமா இருந்துச்சு. உள்ள வந்து படுத்துக்குங்கன்னேன்."

வேணு ஏரியிலிருந்து ஏறி வந்த வழியெல்லாம் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் வந்தான். யாரும் நடக்கவில்லை.

கூடாரத்தின் படுதாவை மெல்ல விலக்கினான்.

உள்ளே யாரும் இல்லை.

வாடை மட்டும் இருந்தது. வெயிலில் காய்ந்த வியர்வையும் செம்மண் புழுதியும் கலந்த வாடை.

"எழுந்து போயிட்டாங்க போல," என்றான். அவளும் எட்டிப் பார்த்தாள். யாரோ படுத்திருப்பதைப் பார்க்கிறவள்போல முகம் இளகியது. அவளுக்குத் தூக்கக் கலக்கம் என்று வேணு நினைத்துக்கொண்டான். கேட்கவும் அவனுக்குத் தெம்பில்லை. இரண்டு வாய் அவலைத் தின்றுவிட்டுப் படுத்தவன் மரக்கட்டையாகத் தூங்கிப்போனான்.

விடிகிற வெளிச்சத்தில் விழிப்பு வந்தது. சரோஜா கூடாரத்தின் ஓரத்தில், துணிச்சுவரோடு ஒட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னோர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டிருந்தது. அங்கே பாய், ஆள் உட்கார்ந்து எழுந்த வைக்கோல் மாதிரி அழுந்திக் கிடந்தது.

வேணு அதில் கை வைத்தான்.

சூடாக இருந்தது.

சரோஜாவால் எழுந்து நிற்க முடியவில்லை. ஜுரம் இல்லை, வலி இல்லை. "அசதியா இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். கைத்தாங்கலாகக் கொண்டுபோய் முன் இருக்கையில் உட்கார வைத்தான். கூடாரத்தைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். சமதரைச் சாலையில் ஜீப் முதல் கியரைத் தாண்டி ஏறமாட்டேன் என்றது. எஞ்சின் முக்கியது. மலையேற்றத்தில் சுமையோடு போகிற லாரிபோல் ஊர்ந்தது. கிளட்ச் போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பின்னால் திரும்பிப் பார்க்க மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை.

செங்கம் சாலையில் ஜானி பாஷா என்பவருடைய சின்னப் பட்டறை இருந்தது. பின்பக்கமே வீடு. ஜீப் வந்து நின்ற நிற்பைப் பார்த்ததும் அவர் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, கல்லு மூட்டை ஏத்திட்டு வந்தீங்களா? ஸ்பிரிங் பட்டை அப்படியே ஒக்காந்துடுச்சே! லோடு ரொம்ப ஜாஸ்திண்ணே."

"ஒரு கூடாரமும் அடுப்பும்தான் பாய் இருக்கு."

ஜானி பாஷா பின்னால் எட்டிப் பார்த்தார். மறுபடி குனிந்து பட்டையைப் பார்த்தார்.

அதற்குள் அவர் மனைவி முன்னி பேகம் வெளியே வந்து, சரோஜாவின் முகத்தைப் பார்த்ததும் அணைத்துப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பாய் விரித்துப் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசற்படிக்கு வந்து வேணுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் பெரியம்மாவையும் உள்ள வரச் சொல்லுங்க. வெயில்ல உக்காந்திருக்காங்களே."

"எந்தப் பெரியம்மா?"

"உங்க கூட வந்தவங்க. வண்டியில பின்னாடி..."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயிலில் ஜீப் தனியாக நின்றது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிங் பட்டை முனகியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல, மிக மெல்ல, மேலே எழுந்தது. யாரோ நிதானமாகக் கீழே இறங்குவதுபோல.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா..."

சரோஜாவின் குரல் இல்லை அது.

அதன்பின் அவர்களால் ஆற்காட்டுக்குக் கிளம்ப முடியவில்லை. டவுனிலிருந்து வந்த டாக்டர், "ரத்தம் கம்மி, ரெஸ்ட் எடுக்கணும்" என்று டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜானி பாஷா தன் வீட்டுப் பின்னறையை ஒழித்துத் தந்தார். கயிற்றுக் கட்டிலில் சரோஜாவைப் படுக்க வைத்தார்கள். நாளுக்கு நாள் அவள் இளைத்தாள். தண்ணீர் டம்ளரைத் தூக்கக்கூடக் கை வரவில்லை. ஆனால் அந்த ஒல்லி உடம்புக்குக் கீழே கட்டில் கயிறு தொய்ந்து, தொய்ந்து, தரையைத் தொட்டது.

முன்னி பேகம் தினமும் ஓதித் தண்ணீர் தெளித்தாள். வேணு மலையைச் சுற்றியிருந்த ஊர்களில் விசாரித்தான். கால் வெடித்த அந்த அம்மாளை யாருக்கும் தெரியவில்லை. அவள் யார், எந்தக் காலத்தில் நடக்கத் தொடங்கினாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"அவங்களைப் போகச் சொல்லு சரோ," என்று ஒரு பகலில் அவள் காதருகே குனிந்து சொன்னான்.

சரோஜா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "எங்க போவாங்க? எவ்ளோ காலமா நடக்கறாங்களோ... உக்காருன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்லியாம்."

"அதுக்கு நீ சாவணுமா?"

"மூணு பிள்ளையையும் தாங்காத உடம்புன்னு சொன்னாங்களேங்க. இவங்களையாவது தாங்கறேனே."

வேணு எழுந்து வெளியே போனான். பட்டறைச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அந்த மூன்றையும் நினைத்து அவன் அதுவரை அழுததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் முன்னி பேகம் அவனிடம் வந்தாள். "அண்ணே, அக்காவுக்கு மூச்சு ரொம்ப கம்மியா வருது," என்றாள்.

வேணு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அறையில் புழுதி வாடை நிறைந்திருந்தது. கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் குந்தினான். பிள்ளைகளை உப்பு மூட்டை தூக்கக் குனிகிறவன்போல் இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினான்.

"அம்மா," என்றான் மெதுவாக. "அவளால முடியாதும்மா. எனக்குத் தோள் இருக்கு. வாங்க, ஏறிக்குங்க."

வெளியே சாலையில் ஒரு பஸ் போனது. அந்தச் சத்தம் அடங்கியது.

கட்டில் கயிறு முனகியது.

பிடரியில் மூச்சு பட்டது.

வெயிலில் கிடந்த விறகுபோல் உலர்ந்து சூடாக, இரண்டு கைகள் அவன் கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன.

"அப்பாடா..."

காதுக்குள் கேட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தபோது கட்டில் கயிறு மேலேறி இறுகியிருந்தது. சரோஜா தானாகவே ஒருக்களித்துப் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கல்யாணமான புதிதில் தூங்குவாளே, அப்படித் தூங்கினாள்.

மறுநாள் கஞ்சி கேட்டாள். நான்கைந்து நாளில் எழுந்து நடந்தாள். ஆற்காட்டுக்கு வந்ததும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். தையல் கிளாசில் சேர்ந்தாள். தெருப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். அந்தப் பின்னறையில் நடந்தது அவளுக்கு நினைவில் இல்லை.

"படுத்துக் கிடந்தப்ப நான் என்னென்னமோ உளறினேனாமே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆமா. ஒண்ணும் புரியல," என்றான் வேணு.

ஜீப்பை விற்றுவிட்டான். பட்டறையில் கனத்த வேலைகளை ஆட்களிடம் விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிக் கூடத்தில் தனியாகப் படுத்தான். மார்கழி வந்த பிறகும் அதையே சொன்னான். சரோஜாவுக்கு அதில் மனத்தாங்கல்தான். ஆனாலும் அவள் பக்கத்தில் படுக்க அவனுக்குப் பயம்.

தை மாதத்தில் ஒருநாள் பட்டறைக்குச் சாமான் வாங்க வேலூர் போனான். பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தான். வாட்டசாட்டமான ஆள்தான் ரிக்‌ஷாக்காரன். ஆனாலும் சமதரையிலேயே பெடலின் மேல் எழுந்து நின்று மிதித்தான். லேசான மேடு வந்ததும் அவனால் முடியவில்லை. இறங்கி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். பாதி மேட்டில் நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"நீங்க பஜார்ல எறங்கிடுவீங்க சார். அம்மாவை எங்க எறக்கணும்?"

"அவங்க எறங்க மாட்டாங்கப்பா," என்றான் வேணு. "நீ மெதுவா போ."