ஒரு காது அதிகம்

எச்சரிக்கை திரையின் அடிவிளிம்பில் மஞ்சள் நிறத்தில், ஒரே ஒரு வரியாக வந்து நின்றது. இந்தக் காட்சியில் இரண்டு காதுகள் இருக்கின்றன, ஒன்றுதான் இருக்க வேண்டும் என்றது அது.

அவள் வைத்தது ஒன்றைத்தான்.

கணினி ஆட்டங்களைக் கட்ட உதவும் மென்பொருள்களான கேம் எஞ்சின்களில் இது அடிப்படைப் பாடம். ஆட்டத்துக்குள் எத்தனை சத்தங்களை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் அவற்றைக் கேட்க ஒரு காது மட்டும் வேண்டும். ஆடுபவர் எங்கே நிற்கிறாரோ அங்கே அந்தக் காது நிற்கும். இரண்டு இருந்தால் எந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எஞ்சினுக்கே குழம்பிவிடும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளில் பிழை தேடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவள் அவள். எச்சரிக்கை ஒன்றைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பது அவள் ரத்தத்திலேயே கிடையாது. காட்சியில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சுவர், தரை, கதவு, நாற்காலி. எதிலும் காது இல்லை. மஞ்சள் வரி மட்டும் அசையாமல் இருந்தது.

வேலையை விட்டுவிட்டு அவள் செய்யத் தொடங்கியிருந்த முதல் ஆட்டம் அது. முழு இருட்டில் கிடக்கும் ஒரு வீடு. தன் அம்மாவின் குரல் எங்கிருந்து வருகிறது என்று காதால் மட்டுமே தேடிப் போகும் ஒரு குழந்தை. கண்ணுக்கு அதிக வேலை இல்லை, காதுக்குத்தான் எல்லாம். அதனால் எந்த எஞ்சினில் செய்வது என்பதை அழகை வைத்தோ ஊர்ப்பேச்சை வைத்தோ முடிவு செய்ய முடியாது, சத்தத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். பொருத்தமாகத் தோன்றியவை மூன்று. மூன்றிலும் ஒரே வீட்டைக் கட்டிப் பார்ப்பது, எது குரலை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானித்தாள். அளவெடுக்க வேறு வீட்டுக்கு எங்கே போவது? டேப்பை எடுத்துத் தன் வீட்டையே அளந்தாள்.

கணவன் அந்த மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். லேசானதற்கு எலி, நடுத்தரத்துக்குக் குதிரை, திறந்தாலே லேப்டாப்பை மூச்சிரைக்க வைக்கும் பெரியதற்கு யானை. மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்பான்.

"என்ன மேடம், எந்த மிருகத்தைக் கட்டிக்கிட்டு அழறதுன்னு முடிவு பண்ணியாச்சா?"

"உங்களைக் கட்டிக்கிட்டு அழறதே போதும். போய்க் கை கழுவிட்டு வாங்க."

அவசரம் அவளுக்குத்தான் இருந்தது. வயிற்றில் ஆறு மாதம். குழந்தை வந்துவிட்டால் ஆட்டமும் கிடையாது, எஞ்சினும் கிடையாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்து சேர்ந்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். போன தடவை கர்ப்பமாக இருந்தபோது, ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலை அவளால் இன்னமும் மறக்க முடியவில்லை. இந்தத் தடவை வயிற்றுக்குள் ஒவ்வொரு அசைவு தெரியும்போதும் அவள் மனதுக்குள் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டாள்.

எலியின் கோளாறாக இருக்கும் என்று அதை மூடிவைத்துவிட்டுக் குதிரைக்குப் போனாள். பழையது எதையும் எடுத்துவராமல் வீட்டை முதல் சுவரிலிருந்து புதிதாகக் கட்டினாள். குதிரை எச்சரிக்கையெல்லாம் தராது, எத்தனை காது இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எனவே அவளே சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். வீட்டை மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் காது இருக்கும் இடத்திலெல்லாம் அது ஒரு மஞ்சள் புள்ளி வைக்கும், மூலையில் எண்ணிக்கையும் காட்டும்.

இரண்டு புள்ளிகள் வந்தன. ஒன்று ஆடுபவருடையது, அவள் விசையை அழுத்திய பக்கமெல்லாம் போனது. இன்னொன்று கூடத்தில், மேசைக்கு முன்னால், நாற்காலி இருக்கும் இடத்தில் நின்றது. தரையிலிருந்து அதன் உயரத்தைப் பார்த்தாள். பிறகு, அதே கூடத்தில், அதே மேசைக்கு முன்னால், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அது சரியாக அவள் வயிற்றின் உயரம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தாள். திரையில் இரண்டாவது புள்ளியும் கட்டிலுக்கு வந்திருந்தது.

அன்று அவள் சாப்பிடவில்லை. கணவன் வந்ததும் திரையைக் காட்டினாள். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? டாக்டர் என்ன சொன்னாங்க, இந்த மாசத்துல காது கேக்க ஆரம்பிச்சிடும்னு சொன்னாங்கல்ல? கேக்கறதுக்கு வீட்டுல இன்னொரு ஆள் வந்தாச்சு. உன் எஞ்சின் சரியாத்தான் சொல்லுது."

"விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்? எல்லாம் நம்ம குட்டிதான்."

நடக்கக்கூடிய காரியமா அது? இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பயத்தைவிட அந்த வேடிக்கை வசதியாக இருந்தது. யானைக்குள்ளும் வீட்டைக் கட்டி அதே நிரலை எழுதியபோது புள்ளி தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, அவள் "வந்தாச்சா?" என்று சிரித்தே விட்டாள். மழைச்சத்தம் ஒன்றை ஜன்னல் பக்கம் வைத்தாள். புள்ளி ஜன்னல் பக்கம் இம்மியளவு சாய்ந்தது. வயிற்றில் லேசாகக் கால் நகர்ந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. இனி அதற்காகவாவது இந்த ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஒரே ஒரு நாள் மட்டும் உறுத்தியது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள், திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தபோது புள்ளி நாற்காலியில் இல்லை. சமையலறை வாசலில் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எதையோ வேடிக்கை பார்த்துவிட்டு வருவதுபோல் மெல்ல வந்து சேர்ந்தது. லேப்டாப் திணறுகிறது என்று சொல்லிக்கொண்டாள். யானை இல்லையா, திணறத்தான் செய்யும்.

கடைசிச் சோதனைக்கு அவள் குரல் வேண்டியிருந்தது.

வீட்டின் நடைவழி முடியும் இடத்தில் ஓர் அறை இருந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டிகளும் கட்டப்படாத தொட்டிலும் கிடந்த அந்த அறைதான் குட்டிக்கு என்று வைத்திருந்தார்கள். ஆட்டத்திலும் குழந்தை கடைசியில் போய்ச் சேரும் அறை அதுவே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனை வாயருகே வைத்துக் கூப்பிட்டாள்.

"வா கண்ணு. இங்க வா. அம்மா இங்கதான் இருக்கேன்."

அட்டையின் புழுங்கல் வாசனைக்கு நடுவே அந்தக் குரல் அவளுக்கே இனிமையாக இருந்தது. கதவைத் திரும்பச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். வெளியே வானம் கறுத்து, மாலைக்கு முன்பே வெளிச்சம் போயிருந்தது. தூறல் ஜன்னல் கம்பியில் ஒவ்வொரு சொட்டாகக் கோத்து, சேர்ந்து, கனத்து விழுந்துகொண்டிருந்தது. அவள் விளக்கைப் போடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவு செய்த குரலைத் திரையில் நடைவழிக் கடைசிக் கதவுக்குப் பின்னால் வைத்து, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி விட்டாள்.

எலியில் கதவு வந்ததும் குரல் வெட்டுப்பட்டது. குதிரையில் கதவே இல்லாததுபோல் காதுக்குள் வந்து கத்தியது. யானையில், குரல் மரத்துக்குள் நுழைந்து, கதவின் அடியிடுக்கில் கசிந்து, நடைவழியின் வெற்றுச் சுவர்களில் மெல்லத் தேய்ந்து தேய்ந்து, யாரோ நிஜமாகவே அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு பொறுமையாகக் கூப்பிடுவதுபோல் வந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான். இனி யோசிக்க ஒன்றுமில்லை. குரலை நிறுத்தாமலே போனை எடுத்து, 'யானைதான்' என்று கணவனுக்குச் செய்தி அனுப்பினாள்.

திரையை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் புள்ளி இல்லை.

நடைவழியில் இருந்தது. குரல் கூப்பிடும்போது கொஞ்சம் நகர்ந்தது. குரல் ஓய்ந்தால் நின்றது. மறுபடி கூப்பிட்டது. மறுபடி நகர்ந்தது. நடை பழகும் ஒன்றின் போக்கு அதில் இருந்தது. அவள் புன்னகையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சமத்து, எவ்வளவு சரியாகக் கேட்டுப் போகிறது.

அப்போதுதான் வயிறு ஞாபகம் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் உதைக்கும். இன்று உதைத்ததா? கையை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். வயிறு கனத்து, மொத்தமாக, சும்மா இருந்தது.

குரலை நிறுத்தினாள். புள்ளி கடைசிக் கதவின் முன்னால் நின்றுவிட்டது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரைக் குடித்தாள். இடதுபக்கமாகப் படுத்தாள். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள். ஒன்றுமில்லை. கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க... அசையல. குட்டி அசையல."

"பதறாத. தூங்குதோ என்னமோ. நான் இதோ கிளம்பிட்டேன். போனை வைக்காத, பேசிக்கிட்டே இரு."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். அதில் அவன் ஓடும் சத்தம், மழை, வண்டிகளின் ஹாரன். அவள் எழுந்து நடைவழிக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. கடைசிக் கதவின் முன்னால் காற்று சில்லென்று இருந்தது. முழங்கால் உயரத்துக்குக் குனிந்தாள். அங்கே வெறும் தரை.

"வா கண்ணு," என்றாள். "தப்புதான். அம்மா அங்க இல்ல. இங்க இருக்கேன். வாடா."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பார்த்தாள். புள்ளி நகரவில்லை. அதற்குத் தெரிந்த அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

அப்படியானால் திரையில் குரலை இடம் மாற்ற வேண்டும். அவ்வளவுதானே? பிடித்து இழுத்தால் வந்துவிடும். கடைசி அறையிலிருந்து இழுத்து, கூடத்தில், நாற்காலிமேல் வைத்தாள். எட்டும் தூரத்தைக் கடைசி அளவுவரை கூட்டினாள். வீட்டைத் தாண்டியும் கேட்கட்டும். எங்கிருந்தாலும் கேட்கட்டும்.

"வா கண்ணு. இங்க வா. அம்மா இங்கதான் இருக்கேன்."

புள்ளி அசையவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க வா."

வரைபடத்தின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. வாசல் பக்கம். வீட்டுக்கு வெளியே. அங்கே அவள் எதையும் கட்டவில்லை. வெறும் சாம்பல் நிற வெளி.

ஒரு மஞ்சள் புள்ளி.

"இங்க வா."

அது நின்று நின்று வரவில்லை. நேராக வந்தது. சுவர் வந்தது. அவள் ஒவ்வொரு செங்கல்லாகச் சோதித்த சுவர். அதற்குள் புகுந்தது. கூடம். மேசை. வேகமாக.

நாற்காலி.

உதை.

ஓங்கி ஓர் உதை, விலா எலும்பில். அவள் அலறிவிட்டாள்.

"என்னாச்சு? என்னாச்சும்மா?" போனில் அவன் கத்தினான்.

"உதைக்குது..."

"உதைக்குதா? அப்பாடா! நான்தான் சொன்னேன்ல, தூங்கியிருக்கும்னு. போற உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு. தெருமுனைக்கு வந்துட்டேன். அசையாம உட்காரு."

அவன் அழுதுகொண்டே சிரித்தான். அவள் கை வயிற்றுக்குப் போனது. வயிற்றுக்குள் அது புரண்டது. முழுதாக ஒரு சுற்று. வசதியாக இடம் பார்ப்பதுபோல் இன்னொரு சுற்று.

மூலையில் எண்ணிக்கை மாறியிருந்தது. மூன்று.

ஒன்று ஆடுபவருடையது. ஒன்று நாற்காலியில். ஒன்று நடைவழியின் கடைசியில், சாத்திய கதவின் முன்னால், இன்னும் அங்கேயே.

குரலை நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றினாள். மழை நின்றிருந்தது. இருட்டிய நடைவழியின் கோடியிலிருந்து, தரையோடு தரையாக, மரத்தில் ஒரு சத்தம்.

சின்ன உள்ளங்கையால் கதவைத் தட்டும் சத்தம்.

மறுபடியும் தட்டியது. பொறுத்திருந்து, மறுபடியும். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் வயிற்றுக்குள் இருந்தது அசைவதை நிறுத்தி, உற்றுக் கேட்டது.