மூச்சு இருக்கா

பூரணி அக்காவின் வருஷத் திவசம் முடிந்த வாரம், பழைய பெக்டரி ரோட்டுக்கு நான் மறுபடியும் ஓடப் போனேன்.

வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் புறப்படாத விடியல். தேயிலை மலை முழுவதும் பனிக்குள் கிடந்தது. எங்கோ கீழே, வளைவில், நோர்வூட் பஸ் ஹோர்ன் அடித்தது. சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தால் வயிறு இடித்தது. நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது.

ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று ஹட்டன் டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு இருந்த அதே சீனி வியாதி, அதே பிரஷர். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. வீட்டில் நானும் மகள் நிலக்ஷியும்தான். நான் படுத்துவிட்டால் அவளுக்கு ஆள் இல்லை.

அந்த ரோட்டைக் கண்டுபிடித்தது பூரணி அக்காதான். அவளும் என்னைப் போலத்தான், உருண்டை. லயத்து வீடுகள் வழியே இருவரும் ஓடினால் பையன்கள் விட மாட்டார்கள்.

"ஒதுங்குங்கடா, ரெண்டு கொழுந்து லொறி வருது."

"பிரேக் இல்லாத லொறிடா. ஏறுச்சுன்னா சட்னிதான்" என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள். ஆனாலும் மறுநாள் என்னைப் பெக்டரி ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். பெக்டரி மூடிப் பல வருஷம். கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சமதளமான ரோடு, சிரிக்க ஆள் இல்லை.

பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும், பேச்சு வராவிட்டால் நடக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ் சொல்லித் தந்திருந்தார். அதனால் பின்னால் வருகிறவள் கேட்பாள், "மூச்சு இருக்கா?" முன்னால் போகிறவள் "இருக்கு" என்பாள்.

எங்கள் மலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பனிக்குள் கொழுந்து எடுக்கும்போது யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்றாம் முறையும் கூப்பிட்டால் அது மனுஷர். ஒரே முறை கூப்பிட்டு நிறுத்தினால் அது மனுஷர் இல்லை. இது தெரியாத பெண் தோட்டத்தில் இல்லை. ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு, நானும் அக்காவும் ஒரு முறை கேட்டதுமே பதில் சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த மார்கழிக் காலை அக்கா எனக்கு முன்னால் ஓடினாள். பனிக்குள் முதுகு மட்டும் தெரிந்தது. பெக்டரிச் சுவர் அருகே "இருக்கு" என்றாள்.

நான் கேட்கவில்லை.

அவள் நின்றாள். "நீதான கேட்ட, ஜீவா?"

"இல்லக்கா."

சிரிக்கப் போகிறவள் போல வாயைத் திறந்தாள். வெளியே போன மூச்சு உள்ளே திரும்பவில்லை.

"இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எதுக்கு ஓடுனா?" என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் யாருக்கோ பதில் சொன்னாள் என்பதை நான் சொல்லவில்லை. யார் நம்புவார்கள்?

மறுபடி போன அன்று பாதி நடை, பாதி ஓட்டம். சுவரை நெருங்கும்போது வாசம் வந்தது. வறுபட்டு அப்போதுதான் இறங்கிய தேயிலைத் தூளின் சூடான வாசம். கூரையில்லாத கட்டடத்துக்குள் பனிதான் நிறைந்திருந்தது.

பின்னால் சப்பாத்துச் சத்தம். இடது காலை லேசாக இழுத்து வைக்கும் கனத்த அடி. அது அக்காவின் அடி என்று எனக்குத் தெரியும்.

"மூச்சு இருக்கா?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டாம் முறை அந்தக் கேள்வி வரவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். டாக்டருக்குப் பயந்து என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அக்காவின் குரலைக் கேட்கத்தான் போனேன்.

ஒரு லீவு நாளில் நிலக்ஷி சப்பாத்தோடு வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேம்மா. ஸ்கூல்ல மத்தளம்னு கூப்பிடுறாளுக."

தடுக்க முடியவில்லை. தனியாகப் போய்விடுவாளோ என்று பயம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்: "பனிக்குள்ள யாரு என்னா கேட்டாலும் வாயத் தொறக்காத. எனக்கு மட்டும் பதில் சொல்லு."

"சரி, சரி. நீங்க மொதல்ல மூச்ச விடுங்க" என்று சிரித்துக்கொண்டே முன்னால் ஓடினாள்.

சுவர் வந்தது. தூள் வாசம் வந்தது.

"இருக்கும்மா" என்றாள்.

நான் கேட்கவில்லை.

ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் கை தொண்டையில் இருந்தது. "நீங்கதான... கேட்டீங்க. ஒங்க கொரல்..."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்தது.

சுவரைப் பார்த்துச் சொன்னேன். "சின்னப் புள்ள. அவள விட்ரு. எங்கிட்ட கேளு. எனக்கு இருக்கு. தெனமும் வந்து சொல்றேன்."

வாசம் சட்டென்று அற்றுப்போனது. நிலக்ஷி இருமினாள். மூச்சு வந்தது.

அன்றிலிருந்து தினமும் தனியாகப் போகிறேன். அது கேட்கும். நான் சொல்வேன். மழை, காய்ச்சல், எதுவும் பார்ப்பதில்லை. சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. டாக்டர் மற்ற நோயாளிகளிடம் என்னைக் காட்டிப் பேசுகிறார். லயத்துப் பையன்கள் இப்போது, "அக்கா, என்னாதான் சாப்பிடுறீங்க?" என்கிறார்கள்.

போன கிழமை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கிக் கால் பிசகியது. கணுக்காலில் கட்டு. ஒரு நாள்தானே என்று அடுத்த விடியலில் படுத்தே கிடந்தேன். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன.

வீட்டுக்குள் தூள் வாசம் வந்தது.

அடுத்த பாயில் நிலக்ஷி நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"இருக்கும்மா."

கட்டின் மேலேயே சப்பாத்தை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன்.