குங்குமம் வைத்த கொக்கி

செங்கம்மா உள்ளே வந்ததும் தனசேகர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்த வீட்டில் மூன்றாவது நாற்காலி கிடையாது. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற தாட்சாயணிக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டான தனசேகர் மட்டும் தினமும் காலையில் வருவார். அவர் பேசுவதும் தாட்சாயணி பேசாமல் இருப்பதுமாகப் பொழுது போகும். மனைவி போன பிறகு தன் வீட்டில் பேசினால் சுவர்தான் கேட்கிறது. இங்கே ஒரு மனிதப்பிறவி கேட்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

செங்கம்மா மடியில் ஒரு துணிப்பையை அணைத்து வைத்திருந்தாள். தாட்சாயணியைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாலசமுத்திரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள்.

"எங்க வூட்டுக்காரரு முனுசாமி, கொத்தனாரு. இங்க ரேணிகுண்டா ரோட்டுல லாட்ஜு கட்றாங்களே, அங்கதான் வேலை. ஆயுத பூஜை அன்னிக்கி அஞ்சாவது மாடியிலேர்ந்து..." அவள் நிறுத்தினாள். "வுழுந்துட்டாருன்னு மொதல்ல சொன்னாங்க. அப்புறம் குதிச்சிட்டாருன்றாங்க."

"யார் சொன்னது?" என்றார் தாட்சாயணி.

"சூப்பர்வைசரு அண்ணாதுரை. பெல்ட்டு போட்டுக்கினு, கொக்கி மாட்டிக்கினுதான் வேலை செஞ்சாராம். திடீர்னு கொக்கிய அவரே கழட்டிட்டு குதிச்சாராம். கீழ இருந்து கண்ணால பாத்தேன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாரு."

"நீ என்ன நினைக்கிறே?"

செங்கம்மா பையின் காதை முறுக்கினாள். வெளியே யாரோ தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கி காலையில போன்ல சண்டை மேடம். பூஜைக்கு வர்றேன்னாரு, திடீர்னு வேலை இருக்குது, சாயங்காலம் வர்றேன்னாரு. 'நீ வந்தா இன்னா, வராட்டி இன்னா, அங்கியே கெட'ன்னு சொல்லிட்டேன். அதான் கடைசி. மாமியாருக்கு அது காதுல வுழுந்துச்சு. 'உன் வாய்தாண்டி என் புள்ளைய தள்ளிச்சு'ன்றாங்க. ஒரே வூட்ல இருக்கிறோம், ஒரு வார்த்தை பேசறதில்ல. அவங்க சொல்றது நெஜமா இருந்தா நான் அதைத் தாங்கிக்கணும். இல்லன்னா இல்லைன்னு தெரியணும். அவ்ளோதான்."

தனசேகர் முன்னால் வந்தார். "தெரிஞ்சிடும்மா. மேடம் கையில வந்துட்ட இல்ல? பொய் சொன்னவன் எவனா இருந்தாலும்..."

"தனசேகர்," என்றார் தாட்சாயணி. அவர் வாயை மூடிக்கொண்டார்.

பையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருள்கள் இருந்தன. ஒரு நீலச் சட்டை, லுங்கி, துண்டு, தனியாகச் சேலைத்துணியில் சுற்றிய ஒரு சேஃப்டி பெல்ட். செங்கம்மா அந்தச் சுற்றை அவிழ்க்கவே பயந்தாள். "செவப்பா இருக்குது மேடம். ரத்தம்னு நெனைச்சி அப்படியே சுத்தி வெச்சிட்டேன்."

தாட்சாயணி மெதுவாக அவிழ்த்தார். தோள்களிலும் மார்பின் குறுக்கிலும் தொடைகளிலும் மாட்டும் முழுப் பெல்ட் அது. கயிற்றின் நுனியில் பெரிய இரும்புக் கொக்கி. சிவப்பாக இருந்தது அந்தக் கொக்கிதான். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையை மேசையில் விரித்தார். நெஞ்சுப் பகுதி முழுக்கச் சிமென்ட் தெறித்துக் காய்ந்து, மழைத்துளி விழுந்த மண் போல இருந்தது. பெல்ட்டைச் சட்டையின்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"என்ன மேடம்?" என்று தனசேகர் துடித்தார்.

"கட்டடத்தைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார் அவர்.

கட்டடத்தில் வேலை நின்றுபோயிருந்தது. போலீஸ் சொன்னதால் சாரத்தைக்கூடப் பிரிக்கவில்லை. வாசலில் வாட்ச்மேன் சின்னப்பன் கேட்டைத் திறந்துவிட்டு, செங்கம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சைட் என்ஜினியர் சுதீர் இளைஞன். பூஜைக்குச் சித்தூரில் தன் வீட்டுக்குப் போயிருந்ததாகவும், மறுநாள் முதலாளி கட்டடம் பார்க்க வருவதாக இருந்ததாகவும், செய்தி கேட்டுத்தான் ஓடி வந்ததாகவும் சொன்னான். "மேடம், சேஃப்டி விஷயத்துல நாங்க ஸ்ட்ரிக்ட். ஹெல்மெட், பெல்ட் எல்லாம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா மனுஷன் தானே முடிவு பண்ணிட்டா ஏம் சேஸ்தாம், என்ன பண்ண முடியும்?"

முனுசாமி தங்கியிருந்த தகரக் கொட்டகையை தாட்சாயணி பார்த்தார். எல்லாரும் ஊருக்குப் போன பண்டிகை நாளில் அந்த வரிசையில் அவன் ஒருவன்தான் இருந்திருக்கிறான். ஆணியில் ஒரு பை கட்டித் தொங்கியது. உள்ளே மடித்த வேட்டி, பொரி, கடலைப் பொட்டலம்.

தனசேகர் உற்சாகத்தில் ஏறக்குறையக் கத்திவிட்டார். "பாத்தீங்களா மேடம்! வூட்டுக்குப் போக மூட்டை கட்டினவன் குதிப்பானா?"

"குதிக்கலாம்" என்றார் தாட்சாயணி அமைதியாக. "காலையில கட்டின மூட்டை அது. அதுக்கப்புறம்தான் சண்டை. இது அந்தப் பொண்ணுக்கு ஆறுதல். சாட்சி இல்லை."

தனசேகர் சுருங்கிப் போனார். பொரிப் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பண்டிகை நாளில் தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது சாமான் அறை. ஆயுத பூஜை அலங்காரம் இன்னும் கலையவில்லை. வாடிய மாவிலை, சாமந்தி, காய்ந்த வாழைக்கன்று. படத்தின் முன் சிமென்ட் பூசும் கரணைகள், மட்டப்பலகைகள், சம்மட்டிகள், துளைபோடும் மெஷின், மஞ்சள் ஹெல்மெட்கள், ஓர் ஓரமாகப் பெல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"யார் பொட்டு வெச்சது?"

"நான்தான் மேடம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணாதுரை நின்றிருந்தான். கண்கள் உள்வாங்கிய, தூக்கமில்லாத முகம். "மத்தியானம் பூஜை. எல்லாத்தையும் வெச்சிக் கும்புட்டோம்."

"எப்ப பிரிப்பீங்க?"

"மறுநாள் காலையிலதான். அதுவரிக்கும் சாமிகிட்ட இருக்கிற ஆயுதத்தைத் தொடக்கூடாதில்ல."

"தொடக்கூடாதுதான்" என்றார் தாட்சாயணி. மாடிப்படி ஏறினார். தனசேகர் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தார். ஐந்தாவது மாடி ஜன்னல் திறப்பில் நின்று, தன் வேலைக்காலத்தில் பயன்படுத்திய சொந்தப் பெல்ட்டை மாட்டித் தூணில் கொக்கியைப் போட்டபின்தான் அவர் தலையை வெளியே நீட்டினார். வெளிப்பக்கச் சுவரில் ஒரு முறம் அளவுக்குப் புதுப் பூச்சு. சாரத்தின் தடுப்புக் கழி அந்த இடத்தில் மட்டும் இல்லை. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் திருமலைமேல் மேகம் படுத்திருந்தது.

கீழே இறங்கியதும் எல்லோரையும் சாமான் அறை வாசலுக்கு வரச்சொன்னார் தாட்சாயணி. சுதீர், அண்ணாதுரை, சின்னப்பன் மூவரும் நின்றார்கள். செங்கம்மா செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணாதுரை, நீங்க எழுதிக் கொடுத்ததை இன்னொரு தடவை சொல்லுங்க."

"பெல்ட்டு போட்டுக்கினு ஏறினாரு. கொக்கிய கம்பியில மாட்டினாரு. கொஞ்ச நேரம் கழிச்சி கழட்டிட்டு..."

"பூஜைக்கு அப்புறமா?"

"ஆமா மேடம். சாயங்காலம்."

"பூஜையில வெச்ச பெல்ட்டை எடுத்தா கொடுத்தீங்க?"

அவன் ஒரு கணம் தயங்கினான். "அவசரம். சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுக் குடுத்தேன்."

தாட்சாயணி பையிலிருந்து பெல்ட்டை எடுத்தார். "இந்தக் கொக்கியைப் பாருங்க. இதை எங்கேயாவது மாட்டணும்னா இந்தச் சின்னக் கதவை உள்ளே அழுத்தணும். கழட்டணும்னாலும் அழுத்தணும். நீங்க பொட்டு வெச்சது எங்கே? சரியாகக் கதவும் கொக்கியும் சேருற இடத்துல. சந்தனம் காய்ஞ்சு ஓடு மாதிரி ரெண்டையும் ஒட்டிப் பிடிச்சிருக்கு. ஒரு விரிசல் இல்லை. தனசேகர், அழுத்துங்க."

தனசேகர் அழுத்தினார். மெல்லிய சத்தத்துடன் சந்தனம் உடைந்து, குங்குமம் அவர் விரலில் உதிர்ந்தது.

"பூஜைக்கு அப்புறம் இந்தக் கொக்கி திறக்கப்பட்டது இப்பத்தான். மாட்டவே மாட்டாத கொக்கியை முனுசாமி கழட்டினதை நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

சுதீர் திரும்பினான். "ஏமண்டி அண்ணாதுரை, ஏன்ட்டி இதி? என்ன இது?"

"மாட்டாம இருந்திருக்கலாம்" என்றான் அண்ணாதுரை. குரல் உடைந்தது. "தூரத்துலேர்ந்து பாத்தேன்... சரியா தெரியல. ஆனா பெல்ட்டு போட்டிருந்தாரு."

"அதுவும் இல்லை." அவர் சட்டையை விரித்தார். "பூசும்போது தெறிச்ச சிமென்ட். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் ஒரே சீரா இருக்கு. பெல்ட் போட்டிருந்தா, வார் இருந்த இடம் பட்டையாகச் சுத்தமா இருந்திருக்கும். சிமென்ட் வார்மேல விழுந்திருக்கும். வார்ல ஒரு துளிகூட இல்லை. வேலை செய்தப்போ அந்த உடம்புல பெல்ட் இல்லை. விழுந்த பிறகுதான் வந்தது."

அவர் சட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"ஏன்னு நான் சொல்றேன். மறுநாள் முதலாளி ஆளுங்களோட வர்றாங்க, மேலே ஒரு ஓட்டை தெரியுது, அடைக்கணும். எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. முனுசாமி மட்டும் மாட்டினார். கரணை சாமிகிட்ட இருக்கு. அதனால வெறும் கையாலே பூசினார். மேலே பூச்சுல கரணை ஓடின தடமே இல்லை, விரல் தடம்தான். கரணையைத் தொடக்கூடாதுன்னு நினைச்ச அதே வழக்கம்தான் பெல்ட்டையும் தடுத்தது. உயிரைக் காக்கிற பொருளையெல்லாம் கும்பிட்டுப் பூட்டி வெச்சிட்டு, ஆளை மட்டும் மேலே அனுப்பினீங்க. விபத்துன்னா உங்க தலை. தற்கொலைன்னா யார் தலையும் இல்லை."

"நான் சொன்னேன் மேடம்!" சின்னப்பன் திடீரென்று வெடித்தான். "நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கு அந்த பயம் இல்ல, நான் எடுத்துத் தர்றேன்னேன். இவருதான் 'டேய், தீட்டுப்படுத்தாதே, சின்ன வேலைதானே'ன்னு சாவிய இடுப்புல சொருவிக்கினாரு. அப்புறம் வாயத் தெறந்தா வேலை போயிடும்னாரு. எனக்கும் போக்கிடம் இல்ல."

அண்ணாதுரை தரையில் உட்கார்ந்துவிட்டான். "கொலைகாரன் இல்ல மேடம் நான். கூடத் துன்னு கூடப் படுத்த ஆளு அவரு. பயந்துட்டேன்."

தாட்சாயணியின் குரல் உயரவில்லை. "உயிரோட இருந்தவனுக்கு எடுத்துக் கொடுக்க பயந்த பெல்ட்டை, செத்தவனுக்குப் போட்டுவிடப் பயப்படலையே நீங்க."

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். ஸ்டேஷனுக்குத் தானே வந்து சொல்வதாக முனகினான். தாட்சாயணி சுதீர் பக்கம் திரும்பினார். "நான் தொழிலாளர் துறைக்கு எழுதப் போறேன். நீங்க அதுக்குக் காத்திருக்க வேண்டாம். பூஜைக்கு ஒரு ஹெல்மெட், ஒரு பெல்ட் வையுங்க; சாமி கோவிச்சுக்காது. மத்ததெல்லாம் ஆளுங்க கையில இருக்கட்டும். எல்லாத்தையும்தான் வைக்கணும்னா, அன்னிக்கு ஏணியையும் கட்டிப்போடுங்க. அந்தத் தடுப்புக் கழியை இன்னிக்கே போடுங்க."

சுதீர் தலையாட்டினான்.

செங்கம்மா எழுந்து வந்தாள். "மேடம், பெல்ட்டு போடலன்னு தெரிஞ்சிச்சு. ஆனா பெல்ட்டு போடாதவரும் குதிக்கலாம் இல்ல?"

தனசேகருக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நிரூபித்த பிறகுமா? ஆனால் தாட்சாயணி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவள் கையைப் பிடித்தார். "மேலே வா." தனசேகரும் பின்னால் ஏறினார்.

ஐந்தாவது மாடியில், தன் பெல்ட்டை அவிழ்த்துத் தன் கையாலேயே செங்கம்மாவுக்கு மாட்டி, வார்களை இறுக்கி, கொக்கியைத் தூணில் போட்டார். "இப்ப எட்டிப் பாரு. வலது ஓரம்."

பூச்சு முழுக்க அலையலையாக விரல் தடங்கள். மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் பூசிய தடங்கள். வலது ஓரத்தில் மட்டும் நான்கு கோடுகள் வேறு மாதிரி இருந்தன. ஈரப் பூச்சைப் பிளந்து, உள்ளே செங்கல் தெரியும் ஆழத்துக்கு இறங்கி, சுவர் முடியும் விளிம்புவரை இழுத்துக்கொண்டு போயிருந்தன. விளிம்பில் விரல்கள் கொக்கிபோல் மடங்கிய குழிகள். சிமென்ட் அதை அப்படியே இறுக்கி வைத்திருந்தது.

"குதிக்கிறவங்க சுவரைத் தள்ளுவாங்க" என்றார் தாட்சாயணி. "இவர் பிடிச்சிருக்கார்."

செங்கம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்றில் சாரக் கழிகள் முனகின. தனசேகருக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லாமல் இருந்தார்.

"எவ்ளோ நேரம் புடிச்சிருந்திருப்பாரு?"

"தெரியலைம்மா."

அவள் பெல்ட்டோடு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்த போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்தார்கள், ஆனால் குரல் வரவில்லை.

"அத்தே, நாந்தான். வெச்சிடாதீங்க" என்றாள் செங்கம்மா. "அவரு குதிக்கல அத்தே. புடிச்சிக்கினு இருந்தாரு."

அந்தப் பக்கம் தேய்ந்த ஒரு குரல், அழுகைக்கு நடுவில், "நீ சாப்ட்டியா?" என்று கேட்டது.