கால் கிலோ கருவாடு

தேரிக்காட்டு விண்துறையில் செவ்வாய்க்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு மடக்கு ஒளிநீர் குடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் தோலுக்கு அடியில் நரம்புகள் நீலமாக மின்னத் தொடங்கின. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு தாய் மின்னும் விரல்களாலேயே பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அமலோற்பவம் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாயில் இருக்கும் மகள் ஜெனிட்டாவுக்கு நான்கு மாதத்தில் பிரசவம். பயணம் மூன்று மாதம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான்.

"யக்கா, கால் கிலோ சீலாக் கருவாடுதான். எம்பொட்டி எடை தாண்டிருச்சு. அங்க எறங்குனதும் வாங்கிக்கிடுதேன்" என்றார் பின்னால் நின்ற பெரியவர்.

"நாத்தனார் கொடுத்த பொடியவே வேண்டான்னுட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. அவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. என்னைய விட்டுருங்க."

வரிசையின் முனையில் நின்ற சோதனைக் கதவான நரம்புவாயில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: "பிறர் கொடுத்த பொருள் ஏதேனும் உங்களிடம் உள்ளதா?" பதில் சொல்லும்போது உடம்புக்குள் ஒளி ஓடும் விதத்தைப் பார்த்து அது ஆளை எடைபோட்டது.

"இல்ல" என்றாள் அமலோற்பவம் நிம்மதியாக.

சிவப்பு விளக்கு எரிந்தது.

காவல் அதிகாரியான இளம்பெண் ஓடிவந்தாள். பையைக் கொட்டிப் பார்த்தாள். பிள்ளைக்குத் தைத்த சட்டைகளும் ஒரு ஜெபமாலையும்தான் இருந்தன.

"நான் உள்ளதத்தானம்மா சொன்னேன்?"

"அதாம்மா பிரச்சினை." அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "ஒழுங்கா போயிட்டு வந்த நாப்பது லட்சம் பேரப் பாத்துத்தான் இந்த மிஷின் கத்துக்கிச்சு. இந்தக் கேள்விக்கு அத்தனை பேருக்கும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியிருக்கு. உங்களுக்குத் துள்ளல. பயிற்சி எடுத்த உளவாளிக்குத்தான் துள்ளாதுன்னு இது நினைக்குது."

"இப்ப நான் என்ன செய்ய?"

"இன்னொரு தடவ போகலாம். அதுலயும் சிவப்புன்னா கப்பல் கிடையாது."

அமலோற்பவம் வாயிலைப் பார்த்தாள். அதற்கு அப்பால் கண்ணாடி வழியே தெரிந்த கப்பலைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வரிசைக்குத் திரும்பி நடந்தாள்.

"அண்ணாச்சி, அந்தக் கருவாட்டக் குடுங்க."

"இப்பத்தான வேண்டாம்னீக?"

"குடுங்கங்கேன்!"

நான்கு உறை போட்டுக் கட்டியும் மணத்தது. அவள் பொட்டலத்தைச் சட்டைகளுக்கு அடியில் செருகினாள். அதிகாரி சட்டென்று கூரையை ஆராயத் தொடங்கினாள்.

"பிறர் கொடுத்த பொருள் ஏதேனும் உங்களிடம் உள்ளதா?"

அமலோற்பவத்தின் மார்புக்குள் நீல ஒளி வலையில் விழுந்த மீனாகத் துள்ளியது.

"இல்ல."

பச்சை விளக்கு எரிந்தது. வாயில் ஓர் அட்டையை நீட்டியது. அதில் அரசு முத்திரையின் கீழ் அச்சாகியிருந்தது: 'நம்பகமான பயணி. இனி இவருக்குச் சோதனை தேவையில்லை.'