நியாமுலா வீட்டு வேலை

மின்கம்பியைப் பிடுங்கி, பழைய துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. முசூசுவில் மழைக்காலத்து மாலை என்றால் அது வழக்கம்தான். நியாமுலா மெழுகுவர்த்தி எடுக்கத்தான் அலமாரியைத் திறந்தாள். துணிக்குள்ளிருந்து அந்த வெளிச்சம் துடித்தது. மதிலோரம் யாராவது உட்கார்ந்து எதையாவது அனுப்பும்போது துடிக்குமே, அதே வேகம்.

கண் கெட்டுப்போச்சு என்று தனக்குத்தானே சொல்லி அலமாரியைச் சாத்தினாள். சொன்ன வாய்க்கே நம்பிக்கை இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகன் வனங்வா வாங்கிக் கொடுத்த பெட்டி அது. பாஸ்வேர்டு போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். வாசலில் குரல் கொடுப்பவரை யார், எவர் என்று கேட்காமல் உள்ளே அழைக்கிற ஊரில், காற்றில் போகிற ஒன்றுக்கா பூட்டு என்று அவள் சிரித்துவிட்டாள். தனிக்கட்டை அவள். சாயங்காலமானால் மதிலுக்கு வெளியே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும், தூர தேசத்துக் கணவனோடு பேசுகிற பெண்களும் வரிசையாக உட்கார்ந்து சளசளப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குக் களி தொண்டையில் இறங்கும். அவித்த சர்க்கரைவள்ளியைத் தட்டோடு மதில்மேல் வைப்பாள். யார் எடுத்தார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த வரிசையில் இருந்த எவனோ ஒருவன்தான் அவள் வைஃபையிலிருந்தே தோவேரா என்ற பெண்ணுக்கு மெசேஜ் எழுதினான். நல்ல வீடு, தனியாக இருக்கும் மேடம், வீட்டு வேலை, படிக்கவும் வைப்பார்கள் என்று ஆசை காட்டினான். பதினாறு வயது அவளுக்கு. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் எங்கும் போய்ச் சேரவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் நியாமுலாவைத் திட்டவில்லை.

"எழுதினவன் யாருன்னு தெரியலம்மா. எழுதின இடம் உங்க வீடு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்," என்றார்.

அன்றே பெட்டியைப் பிடுங்கினாள். மதிலோரம் காலியானது. தோவேராவின் அம்மா மட்டும் தினமும் வந்து, என் பிள்ளை இங்கே இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுப் போனாள். சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்புக் கேட்பவள் போலத் தணிந்து கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் தெருமுனை திரும்பும்வரை நியாமுலா வாசலிலேயே நிற்பாள்.

தகரக் கூரையில் மழை ஓய்ந்தபோது சமையலறையில் தட்டுகள் உரசின. எலி என்றுதான் நினைத்தாள். பிறகு துடைப்பம் தரையை இழுக்கும் சத்தம். நிதானமாக, மூலை விடாமல், புதிதாக வேலைக்கு வந்தவள் நல்ல பேர் வாங்கப் பெருக்குவது மாதிரி. பாசி பிடித்த தண்ணீரின் வாடை வந்தது. மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

துடைப்பம் நின்றது.

சமையலறை வாசலில் ஒரு பெண் முழங்காலிட்டிருந்தாள். பெரியவர்கள் முன்னால் நல்ல பிள்ளைகள் இருக்கும் விதம். தலை குனிந்திருந்தது. மடியில் பை. பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம், நேரமாயிடுச்சு. வழி தெரியல. மெசேஜ் இங்கேருந்துதான் வந்துச்சு."

நியாமுலா பயப்படக்கூட மறந்து ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் எழுதல கண்ணு. நான் உன்னைக் கூப்பிடல. வீட்டுக்குப் போயிடு."

"எல்லா வேலையும் தெரியும் மேடம். சொல்லுங்க, செய்றேன்."

வெளியே கதவு தட்டும் சத்தம். தணிந்த குரல்.

"நியாமுலா, என் பிள்ளை இங்க இருக்காளா?"

நியாமுலா ஓடிப்போய்த் திறந்தாள். அந்தத் தாயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். தாய் பார்த்தாள். ஈரத்தில் உட்கார்ந்தாள். மகளின் பெயரைச் சொன்னாள். மறுபடி. மறுபடி.

தோவேரா அம்மா பக்கம் திரும்பவில்லை. தாய் அவள் கன்னத்தைத் தொட்டாள். ஈரக் களிமண்ணில் அழுந்துவதுபோல் விரல்கள் உள்ளே போயின. அப்போதும் திரும்பவில்லை. நியாமுலாவின் பாதங்களையே பார்த்தபடி, என்ன வேலை என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.